எங்கே சுடுவது, எப்போது சுடாதிருப்பது: மான் வேட்டையில் குறியிடம்

தோட்டாவோ அம்போ மானின் உடலில் பாய வேண்டிய இடமே குறியிடம். மான் வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளில் இதை வெறும் கைத்திறன் நுணுக்கமாக யாரும் கருதுவதில்லை. மான் எத்தனை நொடியில் நினைவிழக்கும், காயத்தோடு தப்பிப் புதருக்குள் நாட்கணக்கில் கிடக்குமா, இறைச்சி அடுப்புக்குப் போகுமா அழுகுமா என்பதெல்லாம் அந்த ஓரிடத்தைப் பொறுத்தவை. வேட்டையே சரியா தவறா என்ற பெரிய கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். வேட்டையை ஏற்றுக்கொண்ட சமூகங்களுக்குள்ளேயே எது முறையான வேட்டு என்ற விவாதம் தலைமுறைகளாக நடக்கிறது. அண்மைக் காலத்தில் அந்த விவாதத்துக்குக் கள ஆய்வுகளின் கணக்குகளும் துணைக்கு வந்திருக்கின்றன.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம். புள்ளிமானைச் சுட்டாலும் கடமானைச் சுட்டாலும் சிறைதான். அதற்கு முன் நீலகிரியில் வெள்ளையர்கள் கடமானையும் வரையாட்டையும் சுட்டுத் தீர்த்த வேகத்தைக் கண்டு, 1879லேயே அந்த மலைக்கென்று தனியாக ஒரு வேட்டைவிலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் கவலைப்பட்டது விலங்குகளின் எண்ணிக்கையைப் பற்றி. ஒவ்வொரு விலங்கும் எப்படிச் சாகிறது என்ற கேள்வி இருபதாம் நூற்றாண்டில்தான், அதுவும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், சட்டத்துக்கும் ஆய்வுக்கும் உரிய பொருளாக வளர்ந்தது.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி பெரிதானதற்குக் காரணம் வெண்வால் மான். கட்டுப்பாடற்ற வணிக வேட்டையால் 1900 வாக்கில் அந்த நாடு முழுவதிலும் சில லட்சம் வெண்வால் மான்களே மிஞ்சியிருந்தன. 1900ஆம் ஆண்டின் லேசி சட்டம் திருட்டு வேட்டை இறைச்சியை மாநிலம் விட்டு மாநிலம் கடத்துவதைத் தடுத்தது. 1937ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியை வனவிலங்குப் பணிக்கென ஒதுக்கியது. வேட்டைக்காரர்களின் பணத்தில் மான் மீண்டது. இன்று ஏறத்தாழ 3 கோடி மான்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். ஓநாய்கள் பெரும்பாலான இடங்களில் ஒழிந்துபோனதால் அவற்றின் வேலையை வேட்டைக்காரர்கள் செய்கிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 60 லட்சம் மான்கள் வேட்டையில் விழுகின்றன. இந்த அளவில் நடக்கும் ஒரு செயலில் சிறு பிழை விகிதமும் சிறிதாக இராது. அடிபட்டும் கிடைக்காமல் போனவை, விழுந்தவற்றில் இருபதில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொண்டாலும் அது 3 லட்சம் மான்.

குறியிடத்தைப் பற்றிப் பேச, முதலில் மானின் உடலுக்குள் என்ன எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். பக்கவாட்டில் நிற்கும் மானின் முன்னங்காலைப் பின்பற்றி மேலே போனால் மார்புக்கூட்டின் கீழ்ப்பகுதியில், முழங்கை மூட்டுக்குச் சற்று மேலே, இதயம் இருக்கிறது. அதற்கு மேலும் பின்னும் நுரையீரல்கள் விலாக்கூட்டின் பெரும்பகுதியை நிரப்பிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் உதரவிதானம், அதையொட்டி ஈரல், அதற்கும் பின்னால், அசைபோடும் எல்லா விலங்குகளுக்கும் உள்ளதுபோல, வயிற்றை அடைத்துக்கொண்டு பெரிய இரைப்பை. இதயமும் நுரையீரல்களும் சேர்ந்த பகுதியை வளர்ந்த வெண்வால் மானில் 20 செ.மீ. விட்டமுள்ள வட்டமாக வேட்டைப் பயிற்சி நூல்கள் காட்டுகின்றன. மானின் மொத்த உருவத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய இடம்தான். ஆனால் உடலில் வேறெங்கும் இவ்வளவு பெரிய உயிர்நிலை கிடையாது.

இந்த உடலமைப்பைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை நீண்ட காலமாக உலவுகிறது. நுரையீரலுக்கு மேலே, முதுகெலும்புக்குக் கீழே ஒரு வெற்றிடம் இருப்பதாகவும், அங்கே பாய்ந்த அம்பு எதையும் தொடாமல் மறுபுறம் போய்விடும் என்றும் பலர் சொல்வார்கள். அப்படி ஓரிடம் இல்லை. நுரையீரல் முதுகெலும்பின் அடிப்பக்கம் வரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோள்பட்டைப் பகுதியில் முதுகெலும்பு வெளியே தெரியும் முதுகுக் கோட்டைவிடக் கணிசமாகத் தாழ்ந்து போகிறது. அதன் மேல் நீண்டு நிற்கும் எலும்பு முட்களும் தசையும்தான் முதுகின் மேடாகத் தெரிகின்றன. ஆகவே வெற்றிடத்தில் பட்டதாகச் சொல்லப்படும் அம்பு உண்மையில் முதுகெலும்புக்கு மேலே, வெறும் தசையில் பட்டிருக்கும். மானும் பிழைத்திருக்கும்.

அடிபட்ட மான் சாவது இரண்டு வழிகளில். மூளையோ கழுத்துப் பகுதி முதுகுத் தண்டோ சிதைந்தால் அந்த நொடியே விழும். மற்ற இடங்களில் பட்டால், மூளைக்குப் போகும் ரத்த அழுத்தம் சரிந்த பிறகே நினைவு போகும். இரண்டு நுரையீரல்களும் துளைக்கப்பட்டாலோ இதயம் கிழிந்தாலோ இது பெரும்பாலும் 10 முதல் 15 நொடிக்குள் நடந்து முடிகிறது. மிரண்ட மான் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஓடக்கூடியது. எனவே இதயம் கிழிந்த மானும் நூறு மீட்டர் ஓடி மறைவது வியப்பல்ல. ஓடியதை வைத்துக் குறி தப்பியது என்று முடிவு செய்து திரும்பிவிடும் வேட்டைக்காரர்களால் வீணாகும் மான்கள் உண்டு. உடல் பெரிதாகப் பெரிதாக இந்த நேரமும் நீளும். நுரையீரலில் சுடப்பட்ட விலங்குகளை ஒப்பிட்ட நார்வே ஆய்வாளர்கள், சிறிய ரோ மானைவிட மூஸ் என்ற பெரிய மான் விழுவதற்குக் கூடுதல் நேரம் ஆவதை உடல் எடையோடு தொடர்புபடுத்திக் காட்டியிருக்கிறார்கள்.

மூளையில் சுட்டால் நொடியில் முடிகிறது என்றால் எல்லோரும் ஏன் தலையைக் குறிவைக்கக் கூடாது? குறியிடம் பற்றிய விவாதம் முழுவதும் இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதிலில் அடங்கியிருக்கிறது. ஓரிடத்தை, அங்கே சரியாகப் பட்டால் என்ன ஆகும் என்பதை வைத்து மட்டும் மதிப்பிட முடியாது. ஒரு சாண் தவறிப் பட்டால் என்ன ஆகும் என்பதே முதன்மையான கேள்வி. மானின் மூளை மூடிய கைமுட்டியைவிடச் சிறியது. தலையோ உடலிலேயே அதிகம் அசையும் உறுப்பு: மேயும், நிமிரும், ஈயை விரட்டும், ஓசை கேட்டுத் திரும்பும். சில அங்குலம் முன்னே பட்டால் தாடை உடையும். தாடை உடைந்த மான் ஓடிப்போய்விடும். மேய முடியாது, அசைபோட முடியாது. பல நாள் பட்டினி கிடந்து சாகும். கழுத்திலும் இதே கதைதான். முதுகெலும்பு கழுத்தின் நடுவே ஒரு நேர்கோடாக ஓடுவதில்லை, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரிவதுமில்லை. அதைத் தொடாத தோட்டா தசையையோ மூச்சுக்குழலையோ கிழித்துவிட்டுப் போகும்.

நுரையீரலைக் குறிவைத்தவர் தவறினால் கதை வேறு. சற்று முன்னே போனால் தோள்பட்டை. சற்றுக் கீழே போனால் இதயம். சற்று மேலே போனால் முதுகெலும்பு. சற்றுப் பின்னே போனால் ஈரல். இவற்றில் எதுவும் உயிரை எடுக்கும், ஈரல் மட்டும் தாமதமாக. இன்னும் பின்னே போய் இரைப்பையில் பட்டால்தான் விபரீதம். எனவேதான் அமெரிக்க மாநிலங்களின் வேட்டைப் பயிற்சி வகுப்புகளில், பக்கவாட்டில் நிற்கும் மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, உடல் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடையே குறிவைக்கச் சொல்லித் தருகிறார்கள். ஐரோப்பிய மரபும் ஏறத்தாழ இதையே சொல்கிறது.

இந்தப் பொது விதிக்குள்ளும் ஒரு நியாயமான கருத்து வேறுபாடு இருக்கிறது: தோள்பட்டைக்குப் பின்னாலா, தோள்பட்டையிலேயேவா? பின்னால் சுட்டால் இறைச்சி சேதம் குறைவு. தோள்பட்டையில் சுட்டால் முன்னங்காலின் ஒரு பக்கத்துக் கறி ரத்தம் கட்டி வீணாகும். ஆனால் எலும்பு உடைந்து, அங்கே செல்லும் நரம்புப் பின்னலும் அதிர்ந்து, மான் நின்ற இடத்திலேயே சரிந்துவிடுகிறது. தென் கரோலினா மாநிலத்தில் ஒரு வேட்டைக் கழகத்தின் நிலத்தில் ஏறத்தாழ 500 வேட்டுகளைப் பதிவு செய்த ஆய்வு இதற்குத் தெளிவான கணக்கு தந்தது. தோள்பட்டையில் பட்ட மான்கள் சராசரியாக 3 கஜம் மட்டுமே நகர்ந்தன. இதயத்தில் பட்டவை 39 கஜமும், நுரையீரலில் பட்டவை 50 கஜமும், வயிற்றில் பட்டவை 69 கஜமும் ஓடின. ஒரு கஜம் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே இவை அச்சுறுத்தும் தொலைவுகள் அல்ல. ஆனால் அந்த நிலம் அடர்ந்த சதுப்புக் காடு. அங்கே ஐம்பது கஜம் ஓடி விழுந்த மானைக் கண்டுபிடிப்பது எளிதன்று. பயிற்சி பெற்ற மோப்ப நாய்கள் இல்லாதிருந்தால் கணிசமான மான்கள் கிடைக்காமலே போயிருக்கும் என்று அந்த ஆய்வு கண்டது. கையில் ரைஃபிளும் முன்னே அடர்ந்த புதரும் இருக்குமானால் தோள்பட்டைக்கே வலுவான வாதம் இருக்கிறது. சில கிலோ கறியை இழப்பது, முழு மானையும் இழப்பதைவிட மேல். திறந்த வெளியில் அந்த அவசியம் இல்லை.

மான் எப்போதும் பக்கவாட்டில் நின்று காத்திருப்பதில்லை. வேட்டைக்காரரிடமிருந்து சற்றே விலகித் திரும்பி நிற்கும் கோணத்தைப் பலரும் மிக நல்லதென்று சொல்வார்கள். அப்போது முன்னங்கால் எலும்பு வழியில் நிற்பதில்லை. விலாவின் பின்பகுதியில் நுழைந்த தோட்டா முன்னோக்கிச் சென்று நுரையீரல்களையும் இதயத்தையும் கடக்கும். இங்கே நுழையும் இடத்தைப் பார்த்துக் குறிவைப்பவர் தவறுவார். தோட்டா மறுபக்கத்து முன்னங்காலை நோக்கிப் போக வேண்டும் என்று மனத்தில் கோடு போட்டுக்கொண்டு, அதற்கேற்ப நுழைவிடத்தைப் பின்னே தள்ள வேண்டும். கோணம் மிகக் கூடினால் இரைப்பை குறுக்கே வந்துவிடும். அப்போது விட்டுவிடுவதே முறை.

வேட்டைக்காரரை நோக்கிச் சற்றே திரும்பி நிற்கும் மான் இதற்கு நேர்மாறு. தோள் எலும்பு உயிர்நிலையை மறைக்கிறது, இரைப்பை பின்னால் காத்திருக்கிறது. கனமான தோட்டாவும் ஊன்றிச் சுட ஆதாரமும் உள்ள தேர்ந்தவருக்கு இது இயலும், வில்லாளிக்கு இயலாது. நேருக்கு நேர் நிற்கும் மானின் மார்பு மிகக் குறுகிய இலக்கு. பின்புறத்தைக் காட்டி நிற்கும் மானைச் சுடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. தோட்டா இதயத்தை எட்டுமுன் குடலையும் இரைப்பையையும் முழுக்கக் கிழித்துக்கொண்டு போகும். எட்டாமல் நின்றாலோ நிலைமை இன்னும் மோசம்.

பரணிலிருந்து சுடுவது அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் பெருவழக்கு. மரத்தில் ஐந்தாறு மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மான் நெருங்க நெருங்கக் கோணம் செங்குத்தாகிறது. மேலிருந்து இறங்கும் அம்பு ஒரு நுரையீரலை மட்டும் துளைத்து மார்பின் அடியில் வெளியேறக்கூடும். ஒரு நுரையீரல் மட்டும் பழுதான மான் நெடுந்தூரம் போகும், சில வேளை பிழைத்தும் விடும். பரணுக்கு நேர் கீழே வந்து நிற்கும் மான் எளிய இலக்காகத் தோன்றும். அதுதான் மோசமான இலக்கு.

தலையைச் சுடக்கூடாது என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. நகரங்களின் விளிம்பில் பெருகிய மான்களைக் குறைக்க ஒப்பந்தம் பெறும் தொழில்முறைச் சுடுநர்கள் பெரும்பாலும் தலையைத்தான் சுடுகிறார்கள். இரை போட்டுப் பழக்கிய மான், சில பத்து மீட்டர் தொலைவு, ஓசை அடக்கிய ரைஃபிள், அசையாத ஆதாரம், ஆண்டு முழுவதும் அதே வேலை என்ற சூழலில் அந்தக் குறியிடமே வேதனை குறைந்தது. பண்ணை இறைச்சிக்காகச் சுடுவோருக்கும் இது பொருந்தும். ஒருவருக்கு முறையான வேட்டு இன்னொருவருக்குக் கொடுமையாகிவிடலாம்; மான் ஒன்றுதான், கையும் சூழலும் வேறு. ஆண்டுக்கு ஒரு வாரம் காட்டுக்குப் போகும் ஒருவர் தொழில்முறையாளரைப் பார்த்துத் தலையைக் குறிவைப்பது தன் திறமையைப் பற்றிய தவறான கணிப்பு என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. தலையைத் தவிர்க்க இன்னொரு நடைமுறைக் காரணமும் சேர்ந்திருக்கிறது. 1967இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்ட நாட்பட்ட நலிவு நோய் இன்று பல மாநில மான்களிடையே பரவியுள்ளது. அதைக் கண்டறியும் சோதனைக்கு மூளைத்தண்டும் தொண்டைப் பகுதி நிணநீர் முடிச்சுகளும் வேண்டும். தலையில் சுட்டால் சோதனைக்கு மாதிரி கிடைக்காமல் போகலாம்.

வில் வேட்டையில் சிக்கல்கள் கூடுதல். தோட்டா தன் வேகத்தால் சுற்றியுள்ள திசுக்களையும் சிதைக்கிறது. அம்போ முனையின் கூரால் அறுத்து, ரத்தப்போக்கால் மட்டும் கொல்கிறது. தோள் எலும்பில் பட்ட அம்பு அங்கேயே நின்றுவிடக்கூடும். ஆகவே வில்லாளிக்குத் தோள்பட்டை குறியிடமே அல்ல. அதற்குப் பின்னாலுள்ள இரட்டை நுரையீரல் மட்டுமே. அதோடு அம்பு மெதுவாகப் போகிறது. தற்காலக் காம்பவுண்ட் வில்லின் அம்பு நொடிக்கு ஏறத்தாழ 85 மீட்டர் செல்லும். ஒலி 340 மீட்டர் செல்லும். 30 மீட்டர் தொலைவில் நிற்கும் மானுக்கு நாணின் ஓசை ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் எட்டிவிடும். அம்பு வந்துசேர அதன்பின் கால் நொடி இருக்கிறது. மிரண்ட மான் பாய்வதற்காக முதலில் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தும். நுரையீரலுக்கு விட்ட அம்பு முதுகுக்கு மேலே போவது இதனால்தான். காதுகளை நிமிர்த்திச் சந்தேகத்தோடு நிற்கும் மானை நோக்கி நாணை விடக் கூடாது என்ற விதி இந்தக் கணக்கிலிருந்து வந்தது.

வில்லால் காயப்பட்டுக் கிடைக்காமல் போகும் மான்களின் விகிதம் அமெரிக்காவில் பலமுறை ஆராயப்பட்டிருக்கிறது, முடிவுகள் பரந்து கிடக்கின்றன. மேரிலாந்தில் ஒரு கடற்படைத் தளத்தில் 1989 முதல் 2006 வரையிலான பதிவுகளில், அம்புபட்ட மான்களில் 18 விழுக்காடு கிடைக்கவில்லை. அங்கே வேட்டையாடியவர்கள் திறன் தேர்வில் தேறியவர்கள், வில்களும் தற்காலத்தவை. ஓக்லஹோமாவில் மெக்அலெஸ்டர் ராணுவ வெடிமருந்துத் தளத்தில் பழைய பாணி வில்களோடு நடந்த வேட்டையில், ரேடியோ கழுத்துப்பட்டை அணிந்த மான்களைப் பின்தொடர்ந்தபோது, அடிபட்டவற்றில் பாதி வேட்டைக்காரர் கைக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காதவை எல்லாம் செத்தவை அல்ல. அவற்றில் பல பிழைத்துக்கொண்டன. ஆனாலும் இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரம் கருவியும் பயிற்சியும் எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டுகிறது. ஜெர்மனியும் பிரிட்டனும் வில்லால் மான் வேட்டையாடுவதைத் தடை செய்திருக்கின்றன. டென்மார்க் அனுமதிக்கிறது, தனித் தேர்வோடு.

துப்பாக்கியால் சுடுவோரின் பிழைகளைப் பற்றி மிகுதியும் தெரிவது பிரிட்டனிலிருந்து. டெவன், சாமர்செட் மாவட்டங்களில் நாய்க்கூட்டத்தை ஏவிச் சிவப்பு மானை வேட்டையாடும் வழக்கம் இருந்தது. அது மானுக்கு எவ்வளவு துன்பம் தருகிறது என்று ஆராயும்படி நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை, கேம்பிரிட்ஜ் உயிரியலாளர் பாட்ரிக் பேட்சனைக் கேட்டுக்கொண்டது. 1997இல் வந்த அவரது அறிக்கையைத் தொடர்ந்து, டிரஸ்ட் தன் நிலங்களில் அந்த வேட்டைக்குத் தடை விதித்தது. அதன் தொடர்ச்சியாக, எலிசபெத் பிராட்ஷாவும் பேட்சனும் 2000இல் வெளியிட்ட கட்டுரை, மாற்று வழியான ரைஃபிள் வேட்டையின் கணக்கையும் பார்த்தது. ஏறத்தாழ 11 விழுக்காடு மான்களுக்கு இரண்டாவது வேட்டு தேவைப்பட்டது. 7 விழுக்காடு சாக 2 முதல் 15 நிமிடம் ஆனது. 2 விழுக்காடு காயத்தோடு தப்பின. சராசரியாக மூன்று மணி நேரம் துரத்தப்படுவதோடு ஒப்பிட்டால் துப்பாக்கியே மேல் என்பது அவர்கள் முடிவு. 2014இல் பிரிட்டிஷ் வேட்டைக்காரர்களின் பெயரில்லாப் பதிவுகளை அலசிய இன்னோர் ஆய்வு, எந்தச் சூழலில் வேட்டு தவறுகிறது என்று தேடியது. விடை எளிமையானது: அவசரப்பட்டுச் சுட்டபோது, உடல் வசதியாக அமராதபோது, இலக்கு பாதி மறைந்திருந்தபோது, தொலைவு கூடியபோது, அடிக்கடி பயிற்சி செய்யாதவர் சுட்டபோது.

இந்த எண்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. 1949இல் வெளிவந்த புகழ்பெற்ற நூலில் அமெரிக்க இயற்கைப் பாதுகாப்பாளர் ஆல்டோ லியோபோல்ட், வேட்டைக்காரரைப் பாராட்டவோ கண்டிக்கவோ காட்டில் பார்வையாளர்கள் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டினார். தவறிய வேட்டைத் தாமே பதிவு செய்வதும் செய்யாததும் அவரவர் மனச்சான்று. ஆகவே தற்பதிவுகளில் வரும் விகிதங்கள் உண்மையைவிடக் குறைவாகவே இருக்க வாய்ப்புண்டு. ரேடியோ பட்டை பொருத்திய ஆய்வுகளுக்கு மதிப்பு கூடுவது இதனால்.

தொலைவைப் பற்றி அண்மையில் சர்ச்சை வலுத்திருக்கிறது. தொலைவு அளக்கும் லேசர் கருவி, தோட்டாவின் வீழ்ச்சியைக் கணக்கிட்டுத் தரும் தொலைநோக்கி ஆகியவை வந்தபின் 600, 800 மீட்டரிலிருந்து மானைச் சுட்டு, அதைக் காணொளியாக்கிப் பெருமைப்படுவோர் பெருகினார்கள். இரும்புத் தகட்டை அந்தத் தொலைவில் அடிப்பது திறமைதான். மான் தகடு அல்ல. தோட்டா வந்துசேர ஒரு நொடி ஆகும் தொலைவில் மான் ஓரடி எடுத்து வைத்தால் நுரையீரல் இருந்த இடத்தில் இரைப்பை வந்துவிடும். காற்றையும் எந்தக் கருவியும் வழி முழுவதும் அளந்து தருவதில்லை. தியடோர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கழகம், விலங்குக்குத் தப்பும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்ற தன் பழைய கொள்கையைக் காட்டி நெடுந்தொலைவு வேட்டையை எதிர்க்கிறது. அந்த வாதத்தைவிட மேற்சொன்ன ஒரு நொடிக் கணக்கே வலுவானது. ஒருவரது தொலைவு எல்லையை மீட்டரில் யாருக்கும் சொல்ல முடியாது. களத்தில் கிடைக்கும் ஆதாரத்தோடு, மூச்சு வாங்கும் நிலையில், அந்த 20 செ.மீ. வட்டத்துக்குள் எத்தனை மீட்டர் வரை ஒவ்வொரு முறையும் போட முடிகிறதோ அதுவே அவருடைய எல்லை.

சரியான இடத்தில் பட்டாலும் தோட்டா போதாமற்போனால் பயனில்லை. எனவே கருவியைச் சட்டம் வரையறுக்கிறது. ஜெர்மன் கூட்டாட்சி வேட்டைச் சட்டம் மான் மீது சிதறுகுண்டு சுடுவதைத் தடை செய்கிறது. ரோ மானுக்கு 100 மீட்டரில் குறைந்தது 1,000 ஜூல் ஆற்றல் வேண்டும். அதைவிடப் பெரிய மான்களுக்கு 6.5 மி.மீ. விட்டமும் 2,000 ஜூலும் வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1991ஆம் ஆண்டு மான் சட்டம் 0.240 அங்குல விட்டத்தையும் 1,700 அடி-பவுண்டு ஆற்றலையும் அடிப்படையாக வைக்கிறது. சிறிய முன்ட்ஜாக் போன்றவற்றுக்குத் தளர்வு உண்டு. உடலுக்குள் விரியும் தோட்டாவையே பயன்படுத்த வேண்டும். விரியாத ராணுவத் தோட்டா ஊசி நுழைவதுபோல் போய்விடும். ஈயத் தோட்டாவுக்கு எதிரான இயக்கம் இதில் புதிய சிக்கலைக் கொண்டுவந்திருக்கிறது. ஈயம் இறைச்சியிலும் எஞ்சிய குடலிலும் நுண்துகள்களாகச் சிதறி, அதைத் தின்னும் கழுகுகளைக் கொல்கிறது. கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயத்தை முற்றாக விலக்கியது. டென்மார்க் 2024இல் ரைஃபிள் தோட்டாவிலும் ஈயத்தைத் தடை செய்தது. மாற்றாக வந்த செப்புத் தோட்டா நன்கு ஊடுருவும்; ஆனால் விரிய அதிக வேகம் வேண்டும். வேகம் குறைந்துபோகும் தொலைவில் அதை நம்பிச் சுடுவது தவறு. செப்புக்கு மாறியவர்கள் தொலைவைக் குறைத்துக்கொள்வதும், சற்று முன்னே தோள்பட்டைப் பக்கம் குறியை நகர்த்துவதும் இதனால்.

வேட்டு வெடித்ததோடு பொறுப்பு முடிவதில்லை. மான் அந்தக் கணத்தில் எப்படி நடந்துகொண்டது என்பதைக் கவனித்து வைக்க வேண்டும். இதயத்தில் பட்டது துள்ளி, தாழ்ந்து, வெறிகொண்டு ஓடும். வயிற்றில் பட்டது முதுகைக் கூனிக்கொண்டு மெல்ல நடக்கும். நின்ற இடத்தில் கிடைக்கும் ரத்தமும் பேசும்: நுரைத்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல்; கருஞ்சிவப்பு என்றால் ஈரல்; பச்சையும் பழுப்புமாகச் செரிக்காத புல் கலந்து நாறினால் இரைப்பை. நுரையீரல் அடி என்று தெரிந்தால் அரைமணி நேரம் பொறுத்துப் போகலாம். ஈரல் என்றால் நான்கைந்து மணி நேரம், இரைப்பை என்றால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கு. துன்பப்படும் விலங்கைக் காக்க வைப்பது கொடுமையாகத் தோன்றும். ஆனால் வயிற்றில் அடிபட்ட மான் துரத்தப்படாவிட்டால் இருநூறு மீட்டருக்குள் படுத்துவிடும். துரத்தினால் எழுந்து கிலோமீட்டர் கணக்கில் போய்க் கிடைக்காமலே சாகும். இங்கே மோப்ப நாய் இருந்தால் கணக்கு மாறுகிறது. ஜெர்மனியில் ஹனோவர், பவேரிய இன நாய்களை இந்த ஒரே வேலைக்காகத் தலைமுறைகளாக வளர்த்திருக்கிறார்கள். காயம்பட்ட விலங்கைத் தேடித் துன்பத்தை முடிப்பதை அந்நாட்டுச் சட்டம் கடமையாகவே வைத்திருக்கிறது. ஸ்வீடனில் மான் வேட்டையின்போது பயிற்சி பெற்ற தேடுநாய் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துசேரும்படி ஏற்பாடு இருக்க வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் நாயைக் கொண்டு தேடுவதே நெடுங்காலம் சட்டவிரோதமாக இருந்தது. நாய்விட்டு மான் துரத்தும் திருட்டு வேட்டையைத் தடுக்க வந்த விதி, காயம்பட்டதைத் தேடவும் தடையானது. அண்மைப் பத்தாண்டுகளில் அது படிப்படியாகத் தளர்ந்து வருகிறது.

எல்லா வேட்டையையும் எதிர்ப்போர் இந்த விவாதம் முழுவதையும் பொருளற்றதாகக் கருதுகிறார்கள்: எங்கே சுட்டாலும் கொலை கொலைதான். காட்டில் மான் வேறெப்படிச் சாகிறது என்பதைக் காட்டி வேட்டைக்காரர்கள் பதில் சொல்வார்கள்: குளிர்காலப் பட்டினி, நோய், கார் மோதல், உயிரோடு கிழித்துத் தின்னும் ஓநாய். இந்தப் பதில் பாதிதான் செல்லும். பத்து நொடிச் சாவு பட்டினிச் சாவைவிட மேல் என்பது உண்மை. ஆனால் அந்த ஒப்பீட்டைச் சொல்லிக்கொள்ளும் உரிமை தன் வேட்டைப் பத்து நொடியில் முடிப்பவருக்கே உண்டு. தாடை உடைத்து ஓடவிட்டவருக்கு இல்லை. குறியிடம் பற்றிய அக்கறை வேட்டையை நியாயப்படுத்திவிடாது. அந்த அக்கறை இல்லாத வேட்டையை எதுவும் நியாயப்படுத்தாது.

நாடுகள் இந்தப் பொறுப்பை எவ்வளவு தூரம் தனிமனிதரிடம் விட்டுவைக்கின்றன என்பதில்தான் பெரிய வேறுபாடு. ஜெர்மனியில் வேட்டை உரிமம் பெற விலங்கியல், சட்டம், கருவி, நாய், இறைச்சிச் சுகாதாரம் என எல்லாவற்றிலும் தேர்வு எழுதி, சுட்டும் காட்ட வேண்டும். நார்வேயில் பெரிய விலங்குகளை வேட்டையாடுவோர் ஒவ்வோர் ஆண்டும் 30 வேட்டுப் பயிற்சி முடித்து, 100 மீட்டரில் உள்ள விலங்குருவத்தின் மீது ஐந்து வேட்டுகளையும் 30 செ.மீ. வட்டத்துக்குள் போட வேண்டும். தேறாதவர் அந்தப் பருவத்தில் மானைச் சுட முடியாது. அமெரிக்க மாநிலங்களில் பொதுவாக இளமையில் ஒருமுறை பயிற்சி வகுப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கினால் போதும். அதன்பின் ஆயுள் முழுவதும், ஒருமுறைகூட இலக்கில் சுட்டுக் காட்டாமல், ஆண்டுதோறும் உரிமம் வாங்கலாம்.